கணினிக் கட்டட மாதிரியும் ஓர் அமானிதமே

ஒரு கட்டடம் எழுந்து நின்றபின் அதன் பெரும்பகுதி கண்ணுக்கு மறைந்துவிடுகிறது. மண்ணுக்குள் அடித்தளம், கான்கிரீட்டுக்குள் கம்பி, பூச்சுக்குள் மின்குழாய், தளத்துக்கடியில் கழிவுநீர்க் குழாய் என இன்றியமையாதன எல்லாம் மறைவிடத்தில் இருந்தவாறே பணி செய்கின்றன. சுவரில் துளையிட வந்த தச்சர், "உள்ளே கம்பி எந்தப் பக்கமாகப் போகிறது?" என்று வினவுகிறார். வீட்டுக்காரர் விழிக்கிறார். கட்டிய மேஸ்திரியோ வேறோர் ஊரில் வேறொரு வேலையில் இருக்கிறார். அலமாரியைத் துழாவினால் ஒருகால் பழைய வரைபடம் கிடைக்கலாம். அது கிடைத்தாலும், கட்ட நினைத்ததைக் காட்டுமேயன்றிக் கட்டியதைக் காட்டாது.

கட்ட நினைத்தது வேறு, கட்டியது வேறு. இவ்விரண்டுக்கும் இடையேயுள்ள தொலைவே கட்டுமானத் தொழிலின் தீராத நோய். ஒரு வீட்டில் இந்நோய் சில ஆயிரம் ரூபாய்ச் செலவோடு முடியும். நாற்பது மாடி மாளிகையிலும், மருத்துவமனையிலும், ஆயிரக்கணக்கானோர் கூடும் அரங்கிலும் இது உயிர்களைக் காவுகொள்ளும். இந்நோய்க்கு மருந்தாகக் கூறப்படுவதே கணினியில் உருவாக்கப்படும் கட்டடத் தகவல் மாதிரி. ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்துத் தொழிலுலகம் இதனைப் 'பிம்' என்றழைக்கிறது.

மருந்து நல்ல மருந்துதான். ஆயினும் அதனை உரிய முறையில் உட்கொள்ளாவிடில் பயனில்லை. மாதிரியை உருவாக்குவது எளிது. கட்டுமானம் நடைபெறும் காலம் முழுவதும் அதனை மெய்யாக வைத்திருப்பதே அரிது. கட்டட மாதிரி ஓர் அமானிதம். அதனைக் காக்கும் பொறுப்பு பெயர் சொல்லி ஒருவரிடம் ஒப்படைக்கப்படல் வேண்டும். இறுதியில் கட்டடத்தோடு அம்மாதிரியும் உரியவர் கையில் சேர்தல் வேண்டும் என்பதே இக்கட்டுரையின் துணிபு.

மாதிரி என்பது யாது?

தாளில் வரையும் வரைபடம் கோடுகளால் ஆயது. அதில் ஒரு தூண் என்பது நான்கு கோடுகள். அக்கோடுகளுக்குத் தாம் தூண் என்பது தெரியாது. கணினி மாதிரியிலோ தூண் தூணாகவே இருக்கும். அதன் உயரம், அகலம், கான்கிரீட்டின் தரம், தாங்கும் உத்திரம், அமைக்க வேண்டிய நாள், ஆகும் செலவு ஆகிய யாவும் அதனோடு பிணைந்திருக்கும். கதவைச் சற்று நகர்த்தினால் தரைப்படத்திலும் முகப்புப் படத்திலும் கதவுகளின் பட்டியலிலும் அம்மாற்றம் ஒருசேர நிகழும்.

இக்கருத்து நேற்றுத் தோன்றியதன்று. அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய சார்லஸ் ஈஸ்ட்மன் என்னும் அறிஞர், கட்டட வடிவமைப்பில் வரைபடங்களின் இடத்தைக் கணினி பெறலாம் என்று 1975ஆம் ஆண்டிலேயே எழுதினார். ஹங்கேரி நாட்டில் 1982இல் தொடங்கப்பெற்ற கிராஃபிசாஃப்ட் நிறுவனம் 1984இல் ஆர்க்கிகேட் மென்பொருளின் முதல் வடிவை வெளியிட்டது. ரெவிட் 2000ஆம் ஆண்டில் வெளிவந்தது; 2002இல் அதனை ஆட்டோடெஸ்க் நிறுவனம் வாங்கியது. வெவ்வேறு மென்பொருள்கள் ஒன்றோடொன்று தகவலைப் பரிமாறிக்கொள்ள வகை செய்யும் ஐ.எஃப்.சி. என்னும் பொது வடிவம் 2013இல் பன்னாட்டுத் தர அமைப்பின் முழுத் தகுதியைப் பெற்றது.

அரசுகளும் இதனை ஏற்றன. பிரித்தானிய அரசு 2011இல் அறிவித்த திட்டப்படி, 2016 முதல் நடுவண் அரசின் கட்டுமானப் பணிகளுக்கு இம்முறையைக் கட்டாயமாக்கிற்று. துபாய் மாநகராட்சி 2014 ஜனவரி முதல் 40 மாடிக்கு மேற்பட்ட கட்டடங்கள், 3,00,000 சதுர அடிக்கு மேற்பட்ட கட்டடங்கள், மருத்துவமனைகள், பல்கலைக்கழகங்கள் ஆகியவற்றுக்கு இதனைக் கட்டாயமாக்கியது. அடுத்த ஆண்டே வரம்பைத் தளர்த்தி மேலும் பல கட்டடங்களை உட்படுத்தியது. சிங்கப்பூரில் 2015 முதல் 5,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட புதிய கட்டடங்களுக்கு அனுமதி கோருவோர் கணினி மாதிரியையே அளிக்க வேண்டும் என்றாயிற்று.

துபாயும் சிங்கப்பூரும் நம் சமுதாயத்தாருக்கு அயலூர்கள் அல்ல. ஒரு தலைமுறை அங்கே கம்பி கட்டியது, சாரம் ஏறியது, வெயிலில் கான்கிரீட் கொட்டியது. அடுத்த தலைமுறை சென்னையிலும் கோவையிலும் குளிரூட்டிய அறையில் கணினி முன் அமர்ந்து, அந்நாடுகளில் எழும் கட்டடங்களுக்கு மாதிரி வரைகிறது. ஆகவே இப்பொருள் பொறியாளர்க்கு மட்டும் உரியதன்று. நம் மாணவர்க்கும், அவர்களை உருவாக்கும் ஆசிரியர்க்கும், கல்வி நிலையங்களை நடத்தும் பெரியோர்க்கும் உரியதாகும்.

எழுத்தே சாளரமான கட்டடம்

மாதிரியின் ஆற்றலுக்குச் சான்று வேண்டுவோர் துபாயின் எதிர்கால அருங்காட்சியகத்தைக் காணலாம். 2022 பிப்ரவரி 22ஆம் நாள் திறக்கப்பட்ட அக்கட்டடம் 77 மீட்டர் உயரமுடையது. நடுவே வெற்றிடம் கொண்ட வளையம் போன்ற வடிவினது. அதனை வடிவமைத்தவர் ஷான் கில்லா. எஃகும் இழைக்கலவையும் சேர்ந்த 1,024 பலகைகள் அதன் புறத்தோலாக அமைந்துள்ளன. அப்புறத்தோலில் அரபு எழுத்துகள் ஓடுகின்றன. மத்தர் பின் லாஹிஜ் என்னும் கலைஞர் எழுதிய அவ்வெழுத்துகளே கட்டடத்தின் சாளரங்கள். பகலில் எழுத்தின் வழியே ஒளி உட்புகும்; இரவில் எழுத்தின் வழியே ஒளி வெளிவரும்.

தமிழ் பயில்வோர் இதனைச் சற்றே எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஓரெழுத்து ஒரு பலகையில் தொடங்கி, அடுத்ததில் வளைந்து, மூன்றாவதில் முடிகிறது. வளைந்த பரப்பில் ஒரு பலகை போல் மற்றொன்று இல்லை. பலகை ஒன்று தன் இடத்திலிருந்து சிறிது பிறழ்ந்தாலும் எழுத்து முறியும்; எழுத்து முறிந்தால் சொல் திரியும். எழுத்துக்குப் பின்னே எடையைத் தாங்கும் எஃகுச் சட்டகம் நிற்கிறது. ஒன்று மற்றொன்றுக்கு இடையூறாகாதபடி இரண்டையும் பொருத்தியாக வேண்டும். தாளில் வரைந்து, தனித்தனியே அளந்து இதனைச் செய்து முடிப்பது ஏறத்தாழ இயலாத செயல். வடிவமைத்தவர், எஃகு வார்த்தவர், பலகை செய்தவர், களத்தில் பொருத்தியவர் எல்லாரும் ஒரே மாதிரியை நம்பிப் பணி செய்தமையால்தான் அது கைகூடியது.

நம்பி என்னும் சொல்லில்தான் எல்லாம் அடங்கியுள்ளது. நம்பத்தக்கதாக ஒரு மாதிரி இருப்பதற்கு யார் காரணம்?

களத்தில் நேரும் பிளவு

கட்டுமானம் தொடங்கும் நாளில் மாதிரி மிக அழகாக இருக்கும். கட்டடக் கலைஞரின் மாதிரி, கட்டமைப்புப் பொறியாளரின் மாதிரி, மின்சாரம், தண்ணீர், குளிரூட்டல் ஆகியவற்றின் மாதிரி என்று பலவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்ப்பார்கள். குளிர்காற்றுக் குழாய் ஓர் உத்திரத்தை ஊடுருவிச் செல்வது போல் இருந்தால் கணினி அதனைச் சுட்டிக்காட்டும். இதற்கு மோதல் கண்டறிதல் என்று பெயர். களத்தில் உத்திரத்தை உடைப்பதைவிடத் திரையில் குழாயை நகர்த்துவது எத்துணையோ மலிவு.

பிறகு பணி தொடங்குகிறது. ஒரு நாள் குறித்த அளவுக் குழாய் சந்தையில் கிடைப்பதில்லை. வேறோர் அளவு வருகிறது. மற்றொரு நாள் கான்கிரீட் இறுகியபின் துளை விட மறந்தது தெரியவருகிறது, புதிதாகத் துளையிடுகிறார்கள். உரிமையாளர் ஓர் அறையை இரண்டாக்கச் சொல்கிறார். மேற்பார்வையாளர் தாளின் ஓரத்தில் பென்சிலால் ஒரு குறிப்பு எழுதுகிறார். மேஸ்திரி தலையசைக்கிறார். வேலை முடிகிறது. இவற்றுள் எதுவும் குற்றமன்று. களம் என்பது இப்படித்தான் இயங்கும். ஆயினும் அந்தப் பென்சிற் குறிப்பு மாதிரியைச் சென்றடைந்ததா? பெரும்பாலும் இல்லை.

அன்று முதல் கட்டடம் ஒரு வழியிலும் மாதிரி மற்றொரு வழியிலும் செல்லத் தொடங்குகின்றன. ஆறு மாதத்தில் களத்தார் மாதிரியை நம்புவதை விட்டுவிடுகின்றனர். அலுவலகத்தாரோ அதனைத் தொடர்ந்து மெருகேற்றுகின்றனர். வண்ணம் கூடுகிறது, மெய் குறைகிறது. மெய் குறைந்த மாதிரி, மாதிரியே இல்லாத நிலையைவிடத் தீயது. வரைபடம் இல்லாதவன் தட்டிப் பார்த்துத் துளையிடுவான். பொய்யான வரைபடம் உடையவன் தயங்காமல் துளையிடுவான்.

மாதிரியை ஆளும் முறை

இப்பிளவைத் தடுக்க வழியில்லாமல் இல்லை. 2018இல் வெளிவந்த ஐ.எஸ்.ஓ. 19650 என்னும் பன்னாட்டுத் தரநெறி தெளிவான முறை ஒன்றை வகுத்துள்ளது. திட்டத்தின் தகவல் அனைத்தும் ஒரு பொதுத் தகவற் களத்தில் இருத்தல் வேண்டும். ஒவ்வொரு கோப்பும் நான்கு நிலைகளுள் ஒன்றில் இருக்கும். ஒருவர் தம்மளவில் வரைந்துகொண்டிருப்பது முதல் நிலை; சரிபார்த்துப் பிறரோடு பகிர்ந்தது இரண்டாம் நிலை; ஒப்புதல் பெற்றுப் பயன்பாட்டுக்கு வெளியிட்டது மூன்றாம் நிலை; காலங்கடந்ததை அழிக்காமல் காப்பகத்தில் வைப்பது நான்காம் நிலை. வெளியிடப்படாத படத்தைக் கொண்டு களத்தில் ஒரு செங்கல்லும் வைத்தலாகாது. இறுதி, இறுதியின் இறுதி, புதிய இறுதி என்று கோப்புகளுக்குப் பெயரிட்டு அல்லற்பட்டோர் இவ்வொழுங்கின் அருமையை உணர்வர்.

அளவுகளுக்குப் பொதுவான தொடக்கப் புள்ளியும் வேண்டும். ரைன் ஆற்றின் ஒரு கரையில் ஜெர்மனியும் மறு கரையில் சுவிட்சர்லாந்தும் அமைந்த லாஃபன்பர்க் என்னுமிடத்தில் 2003இல் பாலம் கட்டினர். ஜெர்மனி உயரத்தை வடகடல் மட்டத்திலிருந்தும், சுவிட்சர்லாந்து மத்தியதரைக் கடல் மட்டத்திலிருந்தும் கணக்கிடுகின்றன. இரண்டுக்கும் 27 சென்டிமீட்டர் வேறுபாடு உண்டென்பது முன்பே தெரியும். அதற்குத் திருத்தமும் செய்தனர். ஆனால் கூட்ட வேண்டிய இடத்தில் கழித்ததுபோல் திருத்தம் எதிர்த்திசையில் அமைந்துவிட்டது. வேறுபாடு நீங்குவதற்கு மாறாக இரட்டித்து 54 சென்டிமீட்டர் ஆயிற்று. இரு கரையிலும் திறமையான பொறியாளர்களே இருந்தனர். பொது அளவை ஒருமுறை இருவரும் சேர்ந்து சரிபார்க்கும் வழக்கம் மட்டும் அங்கே தவறிப்போயிற்று. கணினி மாதிரிகளை ஒன்றிணைக்கும் ஒவ்வொரு திட்டத்திலும் முதல் நாளிலேயே செய்ய வேண்டிய பணி இதுவே.

இவற்றோடு, வாரந்தோறும் களத்தாரும் மாதிரி வரைவோரும் ஒன்றாக அமர்தல் வேண்டும். பூச்சு பூசுமுன், பொய்க்கூரை மூடுமுன், மண் நிரப்புமுன் படமெடுத்து அளந்து பதிவு செய்தல் வேண்டும். இன்று ஒளிக்கதிரால் அளக்கும் கருவிகள் ஓர் அறையைச் சில நிமிடங்களில் பதிவு செய்துவிடுகின்றன. அப்பதிவை மாதிரியோடு ஒப்பிட்டால் பிறழ்ச்சி உடனே புலப்படும். கருவிக்குப் பஞ்சமில்லை, 'இது என் பொறுப்பு' என்று சொல்லும் மனிதருக்கே பஞ்சம்.

இரு பேரிழப்புகள்

பொறுப்பு யாருடையது என்பது தெளிவுறாவிடில் என்ன நேரும் என்பதற்கு வரலாறு கண்ணீரோடு விடை தருகிறது.

அமெரிக்காவின் கான்சஸ் நகரில் 1981 ஜூலை 17ஆம் நாள் மாலை ஒரு விடுதியின் முன்கூடத்தில் நடன நிகழ்ச்சிக்காக மக்கள் திரண்டிருந்தனர். மேலே அந்தரத்தில் தொங்கிய நடைபாதைகள் இரண்டு அறுந்து வீழ்ந்தன. 114 பேர் மாண்டனர். காரணம் என்ன? மேற்கூரையிலிருந்து ஒரே நீண்ட கம்பி நான்காம் மாடி நடைபாதையைத் தாங்கி, அப்படியே இறங்கி இரண்டாம் மாடி நடைபாதையையும் தாங்குவதாக முதல் வரைபடத்தில் இருந்தது. செய்முறை எளிதாகும் பொருட்டு அந்த ஒரு கம்பி இரண்டாக்கப்பட்டது. அதனால் கீழ் நடைபாதை மேல் நடைபாதையின் உத்திரத்திலிருந்து தொங்குவதாயிற்று. மேல் இணைப்பு தன் சுமையோடு கீழுள்ளதன் சுமையையும் தாங்க நேர்ந்து, பாரம் இருமடங்காயிற்று. முதல் வடிவமே போதிய வலிமையற்றது என்று பின்னர் நடந்த ஆய்வு கூறிற்று. மாற்றமோ அதனை மேலும் நலிவுறச் செய்தது. தாளில் பார்ப்பதற்கு அது மிகச் சிறிய மாற்றம். 'இதனால் சுமை எங்கே போகிறது?' என்று ஒருவர் கணக்கிட்டுக் கேட்டிருந்தால் அத்தனை உயிர்கள் மிஞ்சியிருக்கும்.

அன்று கணினி மாதிரி இல்லை. இன்று இருந்தால் நேராது என்று சிலர் கூறலாம். அவ்வாறு கூறுதல் பொருந்தாது. கம்பி கம்பியோடு முட்டுகிறதா என்பதைக் கணினி கூறும். சுமையின் கணக்கை மீண்டும் போடுமாறு அதனைப் பணிக்க வேண்டியவர் மனிதரே. மாற்றம் ஒன்று வருங்கால் அதனை ஏற்பவர் யார், சரிபார்ப்பவர் யார், ஒப்பமிடுபவர் யார் என்னும் வரிசை இல்லாவிடில், மாதிரி அத்தவற்றை அழகிய வண்ணத்தில் காட்டும், அவ்வளவே.

மற்றொன்று அண்மைக் காலத்தது. இலண்டனில் 24 மாடிகள் கொண்ட கிரென்ஃபெல் குடியிருப்பில் 2017 ஜூன் 14ஆம் நாள் பற்றிய தீ 72 உயிர்களைப் பறித்தது. ரமலான் மாதத்து இரவு அது. சஹர் உணவுக்காக விழித்திருந்த முஸ்லிம்கள் சிலர் அயலாரைத் தட்டி எழுப்பிய செய்தியை உலகம் அறியும். கட்டடத்தின் புறத்தே புதுப்பிப்பின்போது பதிக்கப்பட்ட எரியும் தன்மையுள்ள பலகைகள் வழியே தீ மேலேறியது. அதன்பின் கட்டட விதிகளை ஆராய்ந்த ஜூடித் ஹாக்கிட் அம்மையார் 2018 மே மாதம் அளித்த அறிக்கையில் 'பொன்னிழை' என்னும் கருத்தை வலியுறுத்தினார். வடிவமைப்பு, கட்டுமானம், குடியிருப்பு ஆகிய எல்லாக் கட்டங்களிலும் கட்டடத்தைப் பற்றிய மெய்யான தகவல், அறுபடாத இழை போலக் கணினி வடிவில் தொடர்தல் வேண்டும் என்பதே அதன் பொருள். எந்தப் பொருள் எங்கே பதிக்கப்பட்டது, யார் மாற்றினர், ஏன் மாற்றினர் என்பதற்கு அவ்விழை விடை கூற வேண்டும். 2022இல் இயற்றப்பட்ட கட்டடப் பாதுகாப்புச் சட்டம் இதற்குச் சட்ட வலிமை தந்து, உயரமான குடியிருப்புகளுக்குப் பொறுப்பாளர் இன்னார் என்று குறிக்கவும் வகை செய்தது.

பெயர் சொல்லிப் பொறுப்பை ஒப்படைக்க வேண்டும் என்னும் இச்சிறு உண்மையைச் சட்டமாக்க 72 உயிர்கள் விலையாக வேண்டியிருந்தது.

எழுதி வைத்தலும் ஒப்படைத்தலும்

இவ்வுண்மை நமக்குப் புதிதன்று. திருமறையின் மிக நீண்ட வசனம் எதைப் பற்றியது என்பதை அறிஞர் அறிவர். இரண்டாம் அத்தியாயத்தின் 282ஆம் வசனம் அது. வழிபாட்டின் நுட்பங்களையோ மறுமையின் காட்சிகளையோ பேசாமல், கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதைப் பற்றியே அது விரித்துரைக்கிறது. எழுதுபவர் நேர்மையோடு எழுத வேண்டும், சாட்சிகள் வேண்டும், சிறிதாயினும் பெரிதாயினும் எழுதச் சோம்பலாகாது, எழுதுபவருக்கும் சாட்சிக்கும் துன்பம் இழைக்கலாகாது என்பன அதன் அறிவுரைகள்.

கட்டுமானத்தில் ஒரு மாற்றம் என்பதும் ஒரு கடனே. இன்று களத்தில் செய்யப்பட்டது, நாளை அங்கே வாழப்போகிறவருக்குத் தெரிவிக்கப்பட வேண்டிய கடன். சிறு மாற்றம்தானே என்று விட்டுவிடும் சோம்பலே கான்சஸ் நகரில் கண்ட சோம்பல். எழுதுபவருக்குத் துன்பம் இழைக்கலாகாது என்பதையோ இத்தொழிலார் தனியே மனத்திற் கொள்ளல் வேண்டும். மாதிரி வரையும் இளைஞர், களத்தில் உள்ளது படத்தில் உள்ளதோடு ஒவ்வவில்லை என்று கண்டு சொல்கிறார். "காலம் தாழும், பில் நிற்கும், பேசாமல் படத்தில் இருப்பதையே அனுப்பு" என்று மேலிடத்தில் கூறினால் அவர் என்ன செய்வார்? வேலை போய்விடுமோ என்னும் அச்சத்தில் பொய்ச் சாட்சி எழுதுவார். மெய்யை எழுதுபவருக்குப் பாதுகாப்பளிக்காத நிறுவனம் எத்துணை விலையுயர்ந்த மென்பொருளை வாங்கினாலும் பொய்யையே சேமிக்கும்.

கட்டுமானத்தைக் கணக்கோடு நடத்தும் மரபும் இஸ்லாமிய உலகுக்கு உரியதே. இஸ்தான்புல் நகரில் 1550 முதல் 1557 வரை மாபெரும் கட்டடக் கலைஞர் சினான் எழுப்பிய சுலைமானிய்யா பள்ளிவாசலின் கட்டுமானக் கணக்கேடுகள் இன்றும் உள்ளன. கல் எங்கிருந்து வந்தது, ஈயம் எவ்வளவு, எந்தத் தொழிலாளிக்கு என்ன கூலி என்பதெல்லாம் அவற்றில் காணப்படுகின்றன. முஸ்லிம்களும் கிறித்தவர்களுமாக அங்குப் பணியாற்றிய எளியோரின் பெயர்கள் அவ்வேடுகளால் நிலைத்தன. துருக்கி வரலாற்றறிஞர் உமர் லுத்ஃபி பர்கான் அவற்றை ஆராய்ந்து நூலாக்கினார். பேரரசரின் பெருமைக்காக எழுப்பிய கட்டடத்திலும் ஆணிக்கும் கூலிக்கும் கணக்கு எழுத ஒருவர் அமர்த்தப்பட்டிருந்தார். அந்தக் கணக்கரின் இருக்கையில்தான் இன்று நம் மாதிரி வரைவாளர் அமர்ந்திருக்கிறார்.

அமானிதங்களை அவற்றுக்கு உரியவரிடம் ஒப்படைக்க வேண்டும் என்பதும் திருமறையின் கட்டளையே. கட்டடத்தின் சாவியை ஒப்படைப்பவர் அதன் மெய்யான மாதிரியை ஒப்படைக்காவிடில் அமானிதத்தில் பாதியைத் தம்மிடமே வைத்துக்கொண்டவர் ஆகிறார்.

தடைகளும் விடைகளும்

இதற்கு மறுப்பு இல்லாமல் இல்லை. செலவு மிகும் என்பர் சிலர். மென்பொருளுக்கும் பயிற்சிக்கும் பொருள் செலவாகும் என்பது உண்மையே. மாதிரியை நாள்தோறும் திருத்தத் தனியே ஒருவர் வேண்டும் என்பதும் உண்மையே. ஆனால் கட்டி இடிக்கும் செலவை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. கட்டடம் நிற்கப்போவது ஐம்பது அறுபது ஆண்டுகள். கட்டுவது இரண்டு மூன்று ஆண்டுகளே. எஞ்சிய காலம் முழுவதும் பழுது பார்ப்போருக்கு வழிகாட்டுவது அம்மாதிரிதான்.

சிறு கட்டடங்களுக்கு இது தேவையா என்பர் வேறு சிலர். நியாயமான வினா. மூன்று அறை வீட்டுக்கு முப்பரிமாண மாதிரி வேண்டுவதில்லை. ஆனால் ஊர்தோறும் பள்ளிவாசலும் மதரஸாவும் திருமண மண்டபமும் பள்ளிக்கூடமும் பொதுமக்களின் பணத்தில் எழுகின்றன. அவற்றைக் கட்டும் நிர்வாகிகள் மாறுவர், கட்டடம் நிற்கும். பூச்சுக்கு முன் ஒவ்வொரு சுவரையும் கைப்பேசியில் படமெடுத்து, நாளும் இடமும் குறித்து, அளவுநாடா தெரியுமாறு பதிவு செய்து, ஜமாஅத்தின் ஆவணத்தோடு வைத்தால் செலவு யாது? வக்ஃபுச் சொத்தின் பத்திரத்தைப் பெட்டியில் பூட்டிக் காக்கும் நாம், அச்சொத்தின் உள்ளுடலைப் பற்றிய பதிவையும் காத்தல் முறைதானே!

கணினி நுட்பம் வளர்ந்துவிட்டது. இனித் தானே எல்லாவற்றையும் திருத்திக்கொள்ளும் என்பர் இன்னும் சிலர். கருவி பிறழ்ச்சியைக் காட்டும். அப்பிறழ்ச்சி ஏற்கத்தக்கதா, இடிக்கத்தக்கதா என்று தீர்ப்புக் கூறி அதன்கீழ் ஒப்பமிடும் கடமை மனிதனுடையது. கடமையை எந்திரத்தின் தலையில் கட்டிவிட்டுத் தப்ப இயலாது.

நாம் செய்யத்தக்கன

கட்டுமானத்தை மேற்கொள்ளும் நிறுவனங்கள் மூன்றினைக் கடைப்பிடித்தல் நலம். முதலாவது, மாதிரியைக் காப்பவர் இன்னார் என்று ஒப்பந்தத்திலேயே பெயர் குறித்து, அவருக்குரிய ஊதியமும், தவறான பணியை நிறுத்திக் கேட்கும் அதிகாரமும் அளித்தல். இருப்பவருள் இளையவர் தலையில் கடைசி வேலையாக இதனைச் சுமத்தும் வழக்கம் ஒழிதல் வேண்டும். இரண்டாவது, மாதிரி வரைவோர் வாரத்தில் ஒரு நாளேனும் களத்தில் நிற்றல். திரையை மட்டுமே கண்டவருக்குக் கட்டடம் தெரியாது. மூன்றாவது, கட்டியபடி திருத்திச் சரிபார்த்த மாதிரி வந்து சேரும்வரை இறுதித் தவணைப் பணத்தை நிறுத்தி வைத்தல்.

நம் கல்வி நிலையங்களுக்கும் கடமையுண்டு. சில மாதப் பயிற்சியில் மென்பொருளின் பொத்தான்களைக் கற்பித்துவிடலாம். ஐயம் எழுந்தபோது அதனைத் தெளிவாக எழுதிக் கேட்கும் திறனை எத்துணைப் பேர் பெறுகின்றனர்? கட்டுமானத் தொழிலில் ஆர்.எஃப்.ஐ. எனப்படும் விளக்கம் கோரும் கடிதம் ஒன்றுண்டு. எந்த மாடி, எந்தத் தூண், படத்தில் என்ன அளவு, களத்தில் என்ன அளவு, வேண்டும் விளக்கம் யாது என்பதை ஐந்தாறு வரிகளில் பிழையின்றி எழுத வேண்டும். குழப்பமாக எழுதினால் குழப்பமான விடை வரும். அவ்விடை கான்கிரீட்டாக இறுகிவிடும். எழுவாயும் பயனிலையும் பொருந்த எழுதக் கற்றவன் எந்த மொழியிலும் தெளிவாக எழுதுவான். தாய்மொழியில் சிந்தனைத் தெளிவு வாய்க்கப்பெறாதவனுக்கு அயல்மொழி அத்தெளிவைத் தந்துவிடாது. கல்லூரியில் தமிழ்த்துறையின் வேலை என்ன என்று கேட்போருக்கு இதனினும் சிறந்த விடை வேறில்லை.

மாணவர்களே! உங்களுள் சிலர் நாளை இப்பணிக்குச் செல்வீர்கள். கணினித் திரையில் நீங்கள் வரையும் கோடு ஒவ்வொன்றின் பின்னும் சாரத்தின் மேல் நிற்கும் ஒரு தொழிலாளி இருக்கிறார். அவர் உங்கள் தந்தையின் நண்பராகவும் இருக்கலாம். அக்கட்டடத்தில் பின்னாளில் ஒரு தாய் தன் குழந்தையை உறங்கவைப்பாள். சுவருக்குள் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் முயலமாட்டாள். தெரிந்தவர் யாரோ மெய்யாக எழுதி வைத்திருப்பார் என்னும் நம்பிக்கையில் அவள் விளக்கை அணைப்பாள். அந்த நம்பிக்கைக்கு உரியவராக விளங்கும் பேற்றினை வல்ல இறைவன் உங்களுக்கு அருள்வானாக!